பட்டினிக் கடலில் பூக்கும் பாசி

பங்குனி, சித்திரையில் குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரைப் பாறைமேல் நின்று பார்த்தால், கடல் சில நாட்கள் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடக்கும். சில ஆண்டுகளில் அந்த நீர்மேல் யாரோ மரத்தூளைக் கொட்டியதுபோலப் பழுப்புக் கோடுகள் நீளும். ‘கப்பல்காரன் கழிவைத் திறந்துவிட்டான்’ என்று பேச்சு கிளம்பும். 1770-இல் ஆஸ்திரேலியக் கரையோரம் இதைப் பார்த்த கேப்டன் குக்கின் மாலுமிகள் ‘கடல் மரத்தூள்’ என்றே பெயர் வைத்தார்கள்.

இது டிரைக்கோடெஸ்மியம் என்னும் நீலப்பச்சைப் பாசி. பெயர்தான் பாசி, உண்மையில் பாக்டீரியா. செல்கள் கோத்த இழைகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து கண்ணுக்கே தெரியும் துணுக்குகளாகின்றன.

குளம் ஏன் பச்சையாகிறது என்றால் வயல் உரம் வடிந்ததைச் சொல்வோம். இங்கே கதை தலைகீழ். கோடை வெயிலில் மேல்நீர் சூடாகி, குளிர்ந்த அடிநீர்மேல் மூடிபோல உட்கார்ந்துவிடுகிறது. அடியிலிருக்கும் நைட்ரேட் என்னும் உரச்சத்து மேலே வர வழியில்லை. மற்ற நுண்பாசிகள் பட்டினியில் வாட, இது மட்டும் நீரில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வாயுவையே பிடித்து உணவாக்கிக்கொள்கிறது. அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு இரும்பு நிறைய வேண்டும். அரேபியப் பாலைவனத் தூசு காற்றில் வந்து அரபிக்கடலில் அதையும் தூவிவிடுகிறது.

சரி, நேற்று இல்லாத பாசி இன்று எப்படி வந்தது? ராத்திரியில் முளைத்ததல்ல. ஒன்று இரண்டாவதற்கே சில நாட்கள் எடுத்துக்கொள்ளும் சோம்பேறி இது. செல்லுக்குள் நுண்ணிய வாயுப் பைகள் உண்டு. காற்று கடலைக் கலக்கும்வரை இழைகள் பல மீட்டர் ஆழத்துக்குச் சிதறிக் கிடக்கும். காற்று அடங்கியதும் அத்தனையும் மேலே மிதந்து ஒரே படலமாகும். அதாவது, நாம் பார்ப்பது பல நாள் வளர்ச்சி ஒரே நாளில் மேலே வந்ததைத்தான். லேசான காற்று அதைக் கோடுகோடாக ஒதுக்கும். அப்புறம் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், கரைப்பக்கம் தள்ளினால் அழுகும், இளஞ்சிவப்புச் சாயம் கசியும், நாற்றம் தாங்காது. அழுகல் ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால் ஒதுக்குப்புற நீரில் மீன் திணறும்.

ஜூனில் கச்சான் என்னும் மேற்குப் பருவக்காற்று எழுந்தால் மூடி உடைகிறது. அடிநீர் நைட்ரேட்டோடும் சிலிகாவோடும் மேலேற, வேகமாகப் பெருகும் டயாட்டம் என்னும் நுண்பாசிகள் இடத்தைப் பிடிக்கின்றன. அவற்றை மேயச் சாளை வரும்.