ட்ரைடிலோடான்: பல்லை வச்சு பாலூட்டின்னு சேர்த்த கதை

1884ல லண்டன்ல ரிச்சர்ட் ஓவன்னு ஒரு விலங்கியல் அறிஞர் ஒரு மண்டை ஓட்டோட முன்பாதியை வச்சு ட்ரைடிலோடான்னு பேர் வச்சார், இது ஒரு பழங்காலத்துப் பாலூட்டின்னு எழுதினார். கிடைச்ச இடம் பசுட்டோலாந்து, அதாவது நம்ம டர்பன் ஆளுங்க லீவு விட்டா சானி பாஸ்ங்கிற மலைப்பாதை ஏறிப் போறோமே அந்த லெசோத்தோ தான். சுமார் 20 கோடி வருஷப் பாறை.

ஓவனைக் குத்தம் சொல்ல முடியாது. அந்தப் பல்லைப் பாருங்க, முன்னாடி பெரிய வெட்டுப்பல்லு, கோரைப்பல்லே இல்ல, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் கடைவாய்ப்பல்லு வரிசை, மேல்பல்லு ஒவ்வொண்ணுலயும் மூணு வரிசை மேடு, ஒரே பல்லுக்குப் பல வேர், இதெல்லாம் பல்லிக்கோ முதலைக்கோ கிடையாது. கீழ்ப்பல்லுல ரெண்டு வரிசை மேடு, அது மேல்பல்லோட ரெண்டு பள்ளத்துலயும் கச்சிதமா உக்காரும், அப்படியே கீழ்த்தாடையைப் பின்னாடி இழுத்தா நடுவுல மாட்டின செடி அம்மியில வச்ச மாதிரி அரைஞ்சிரும். எலி மாதிரி இருந்த மல்டிடியூபர்குலேட்டுங்கிற பழைய பாலூட்டிங்களும் இதே மாதிரி தான் அரைச்சுது, அதனால ரொம்ப நாள் ரெண்டையும் ஒரே கூட்டத்துல வச்சிருந்தாங்க. புதைபடிவ ஆராய்ச்சியாளர் ஹாரி சீலி 1894லயே இது பாலூட்டி இல்லன்னு சொன்னார், ஆனா பல பேர் ஏத்துக்கல.

ஏன்னா முடிவு சொல்ற எலும்பு கையில இல்ல. பாலூட்டிக்கு கீழ்த்தாடை ஒரே எலும்பு, அதுவே நேரா மண்டை ஓட்டுல மூட்டு போடும். பழைய வகைங்களுக்கு அந்த மூட்டுல வேற ரெண்டு எலும்பு இருக்கும், நமக்கு அந்த ரெண்டும் சுருங்கி காதுக்குள்ள சுத்தி எலும்பு, பட்டடை எலும்புன்னு ஆகி சத்தம் கடத்துது. 1940கள்ல, சீனாவோட யுன்னான்ல கிடைச்ச, ட்ரைடிலோடானோட சொந்தக்கார மிருகம் பியெனோதீரியத்தோட தாடை பத்தின விவரம் வெளிவந்துச்சு, அப்புறம் இங்கிலாந்துல வால்டர் கூனே ஆயிரக்கணக்கான துண்டுகளைப் பொறுமையா சேர்த்து அதே குடும்பத்து ஒலிகோகைஃபஸ் பத்தி 1956ல எழுதினார். இந்தக் குடும்பத்துல மூட்டு இன்னும் பழைய மூட்டு தான்! பல்லு ஒண்ணா இருந்ததுக்குக் காரணம் ஒரே மாதிரி சாப்பாடு, சொந்தம் இல்ல.

அதே லெசோத்தோவுல 1966ல கிடைச்ச மெகாசோஸ்ட்ரோடானைப் பக்கத்துல வச்சுப் பாருங்க, பூச்சி தின்ற குட்டி மிருகம், தாடையில பழைய மூட்டு, புது மூட்டு ரெண்டுமே இருக்கு. அதை பாலூட்டி வாசல்ல வச்சாச்சு. ட்ரைடிலோடான் வாசலுக்கு எவ்வளவு கிட்டன்னு தான் இன்னும் சண்டை, சில பேர் பாலூட்டிக்கு ரொம்ப நெருக்கம்னு சொல்றாங்க, சில பேர் தென்னாப்பிரிக்காவோட கரூ பாறையில கிடைக்கிற டயடெமோடான் மாதிரி செடி தின்ற கூட்டத்தோட சேர்க்கிறாங்க. என்னைக் கேட்டா முதல் பக்கம் தான் வலுவா இருக்கு, ஏன்னா அவங்க பல்லை மட்டும் பார்க்கல, மண்டை ஓடு, தோள், காலுன்னு மொத்த எலும்புக்கூட்டையும் எடுத்துப் பேசுறாங்க.