துருவத்துப் பனிக்கும் தேக்கா மழைக்கும் என்ன தொடர்பு?

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் கொட்டும் மழை ரோச்சோர் கால்வாயில் இறங்கி மரீனா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அது கடலில் கலப்பதா, உள்ளேயே நிற்பதா என்பதை 2008ல் திறக்கப்பட்ட மரீனா அணைக்கட்டு முடிவு செய்கிறது. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் பெருமழை பெய்தால் கவலையில்லை. அங்குள்ள 9 எஃகுக் கதவுகளைத் தாழ்த்தினால் தண்ணீர் தானாகவே வெளியே ஓடிவிடும். கடல் ஏறியிருக்கும்போது கதவைத் தாழ்த்தினால் கடல்தான் உள்ளே வரும். அப்போது 7 ராட்சத பம்புகள் ஓடும். ஒவ்வொன்றும் விநாடிக்கு 40,000 லிட்டரை வெளியே தள்ளக்கூடியது.

கடல் மட்டம் உயர உயர, வற்றும் நேரத்திலும் கடல் முன்புபோல் இறங்காது. கதவைத் தாழ்த்தக் கிடைக்கும் நேரம் சுருங்கும், பம்புகளின் வேலை கூடும்.

சரி, கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் எங்கோ இருக்கின்றன, நமக்கென்ன? தூரத்தில் இருப்பதுதான் வினையே. கிரீன்லாந்தின் பனிப்பாளம் சில இடங்களில் 3 கிலோமீட்டர் தடிமன். அவ்வளவு பெரிய நிறை, தன் ஈர்ப்பு விசையால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி உருகினால் அந்தப் பிடி தளரும். அதனால் கிரீன்லாந்தை ஒட்டிய கடல் மட்டம் இறங்கும். வெகுதூரத்தில் உலக சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். பனியை உருகவிட்ட கரையில் கடல் இறங்குவது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது. சிங்கப்பூர் இரண்டு பனிப்பாளங்களுக்கும் தொலைவில், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம், சூடாகும் கடல்நீர் விரிவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. (மிதக்கும் கடற்பனி உருகினால் மட்டம் ஏறுவதில்லை என்றே சொல்லலாம், நிலத்தின் மேல் கிடக்கும் பனிதான் கணக்கு.)

2024ல் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வின்படி, கரிம வெளியேற்றம் மிக அதிகமாக இருந்தால் 2100க்குள் இங்கே கடல் மட்டம் 1.15 மீட்டர்வரை உயரலாம். நம் நிலத்தில் சுமார் 30 விழுக்காடு, சராசரிக் கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது.

சுவர் கட்டிவிட்டால் போதாதா என்று பலரும் கேட்பார்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா நெடுக 3 மீட்டர்வரை உயரமான சுவர் எழுப்பினால் கடல் நிற்கும். ஆனால் மழைநீரும் உள்ளே மாட்டிக்கொள்ளும். வடிகால்கள் கடலில் சேரும் இடங்களில் 12 கதவுகளும் பம்பு நிலையங்களும் தேவைப்படும். அங்கே கூடாரம் போட்டுக் கடல் பார்ப்பவர்களுக்குச் சுவர்தான் மிஞ்சும்.

அதனால்தான் ‘லாங் ஐலண்ட்’ திட்டம் வேறு வழியில் போகிறது. கரைக்கு எதிரே சுமார் 800 ஹெக்டேர் நிலத்தை உயரமாக மீட்டெடுப்பார்கள். இடையில் அடைபடும் நீர் புதிய நீர்த்தேக்கமாகும். மழை அதில் இறங்கும், அங்கிருந்து கதவுகளும் பம்புகளும் அதைக் கடலுக்கு அனுப்பும். வேலை முடியப் பல பத்தாண்டுகள் ஆகும்.