போன மாதம் இடித்த தலை

குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டும் பாட்டா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 72. ரப்பர் ஷீட் அடிக்கும் புரையின் (கொட்டகையின்) தாழ்ந்த உத்திரத்தில் ஒருநாள் விடியற்காலை தலையை இடித்துக்கொண்டார். ரத்தம் வரவில்லை. கையால் தேய்த்துவிட்டு வேலையைப் பார்த்தார். ஐந்து வாரம் கழித்து அவர் நடை ஒருபக்கம் சாய்கிறது. இடது கால் செருப்பு கழன்று கிடப்பது அவருக்கே தெரியவில்லை. பேரனை மகன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பகலிலும் தூங்கி வழிகிறார். "வயசாச்சு, ஓர்மை பிசகுது" என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். உத்திரத்தில் இடித்ததை எல்லோரும் மறந்தாயிற்று.

அந்த "வயசாச்சு" என்ற சொல்தான் எனக்குப் பயம். இது முதுமையின் மறதியாக இல்லாமல், மூளைக்கு மேலே தேங்கிய ரத்தமாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற அறுவை சிகிச்சையில் மனிதர் பழையபடி எழுந்து நடக்க நல்ல வாய்ப்பு உண்டு.

முற்றிக் காய்ந்த தேங்காயை ஆட்டிப் பார்த்திருப்பீர்கள். உள்ளே கொப்பரை ஓட்டைவிட்டு விலகிக் குலுங்கும். வயதாகும்போது மூளையும் இப்படிக் கொஞ்சம் சுருங்கி, மண்டையோட்டிலிருந்து விலகுகிறது. ஓட்டின் உட்புறத்தை ஒட்டி டியூரா என்ற தடித்த உறை இருக்கிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து அந்த உறைக்கு மெல்லிய சிரைகள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்கள், பாலம்போல் போகின்றன. மூளை விலக விலக இந்தச் சிரைகள் இழுபட்டு விறைத்து நிற்கும். அந்த நிலையில் ஒரு சின்ன இடி போதும், ஒன்று கிழிந்துவிடும்.

கிழிவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே ஆள் மயங்கிவிடுவார். சிரையில் அழுத்தம் குறைவு, அதனால் ரத்தம் மெல்லக் கசிகிறது. மூளை சுருங்கி விட்ட இடமும் அதற்குத் தாராளமாகக் கிடைக்கிறது. அதனால்தான் வாரக்கணக்கில் ஒன்றும் தெரிவதில்லை. அப்புறம் உடம்பு அந்த ரத்தத்தைச் சுற்றி ஒரு சவ்வு கட்டுகிறது. காயத்தை ஆற்றத்தான் அப்படிச் செய்கிறது. ஆனால் அந்தச் சவ்வில் முளைக்கும் புதிய ரத்தக் குழாய்கள் மிகவும் பலவீனமானவை, அவையே திரும்பத் திரும்பக் கசிகின்றன. உள்ளே ரத்தம் உறையவிடாமல் கரைக்கும் பொருள்களும் வேலை செய்வதால், தேக்கம் திரவமாகவே இருந்து பெருகுகிறது. மண்டையோடு விரியாது. கடைசியில் நசுங்குவது மூளைதான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தலை விஷயம் என்றால் வண்டி ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்கோ போகும். முதல் வேலை சிடி ஸ்கேன். நோயாளி ஒருவரின் தலையை இந்தக் கருவி முதன்முதலாகப் படம் பிடித்தது 1971இல், லண்டனில். அதை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரே இன்றும் அதன் அளவுகோல்: தண்ணீருக்கு 0, மூளைக்கு 30 முதல் 40 வரை, உறைந்த புது ரத்தத்துக்கு 60 முதல் 80 வரை. எண் கூடினால் படத்தில் வெளுப்பு கூடும். புது ரத்தம் வெள்ளைப் பிறையாகத் தெரியும், பழைய ரத்தம் மூளையைவிடக் கறுப்பாகத் தெரியும். இடையில், இரண்டு மூன்று வாரத்தில், அது மூளையின் நிறத்திலேயே கலந்து நிற்கும் ஒரு கட்டம் உண்டு. அனுபவமில்லாத கண் அங்கே ஏமாறும். அப்போது மூளையின் மடிப்புகள் அழுந்தியிருப்பதும், நடுக்கோடு ஒருபக்கம் தள்ளியிருப்பதும்தான் காட்டிக்கொடுக்கும்.

அறுவையில் மண்டையைப் பெரிதாகத் திறப்பதில்லை. பல நேரம் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான ஒன்றிரண்டு துளைகள் போடுவார்கள். எலும்பு தீர்ந்ததும் தானாகவே நின்றுவிடும் துரப்பணம் இதற்கென்றே இருக்கிறது. உறையைக் கீறியதும் பழைய எஞ்சின் ஆயில் நிறத்தில் திரவம் வெளியேறும். தெளிவாகும்வரை சலைன் (உப்புநீர்) விட்டுக் கழுவி, மிச்சம் வடிய மெல்லிய குழாய் ஒன்றை இரண்டு நாள் விட்டுவைப்பார்கள். அந்தக் குழாய் சாதாரண விஷயமல்ல. கேம்பிரிட்ஜில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், குழாய் வைக்காதவர்களில் 100க்கு 24 பேருக்கு ரத்தம் மறுபடி தேங்கி அறுவை தேவைப்பட்டது. வைத்தவர்களில் அது 9 பேருக்குத்தான். சவ்வுக்கு ரத்தம் கொடுக்கும் தமனியையே கை அல்லது தொடை வழியாகக் குழாய் செலுத்தி அடைக்கும் முறையும் இப்போது வந்துவிட்டது.

மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும்போது பாட்டா தின்கிற மாத்திரை அட்டைகளை எல்லாம் பையில் போட்டு எடுத்துப்போங்கள். இதயத்துக்காக, ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கசிவு எளிதில் நிற்காது. நீங்களாக நிறுத்தவும் கூடாது, மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும். அதோடு, போன இரண்டு மூன்று மாதத்தில் எங்காவது விழுந்தாரா, இடித்துக்கொண்டாரா என்று வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.