தோப்புக்கரணம் போட்ட வீரன்

காரிமங்கலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பாலிடெக்னிக் படிக்கும் என் மகன் ராத்திரி போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறான். போனுக்குள் ஒரு ஆள் மட்டும் விடிய விடிய வாளைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறான். யார் அதை விளையாடுகிறார்கள்? அதற்கு மூளை இருக்கிறதா? இன்னொன்று, ராகுகாலத்தில் மட்டும் இவன் அந்த 'ஆட்டோ' பட்டனைப் போடமாட்டான். போட்டால் விளையாட்டில் நல்ல பொருள் விழாதாம். உண்மையா?"

ராகுகாலத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த வாள்.

தர்மபுரிப் பக்கம் சீசனில் புளி தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுக்க வேண்டும். முதல் கிலோவுக்கும் நூறாவது கிலோவுக்கும் வேலையில் எந்த வித்தியாசமும் கிடையாது. ஒரு வீரனை நாமே வளர்த்தெடுக்கும் ஆன்லைன் ரோல் பிளேயிங் விளையாட்டுகளில் 'கிரைண்டிங்' என்பது கிட்டத்தட்ட இதுதான். ஒரே மாதிரி பிராணியை நூறு தடவை, ஆயிரம் தடவை அடித்து அனுபவப் புள்ளி சேர்க்க வேண்டும். புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும். புளி தட்டுவதில் கிலோவுக்குக் கூலி மாறாது. இங்கே மேலே போகப் போக, ஒவ்வொரு லெவலுக்கும் கேட்கும் புள்ளி பெருக்கல் கணக்கில் ஏறும். 2001-இல் வந்த ரூன்ஸ்கேப் விளையாட்டில் ஒரு திறனை 99-ஆம் லெவலுக்குக் கொண்டுபோக 1,30,34,431 புள்ளி வேண்டும். 92-ஆம் லெவலுக்கு 65,17,253. அதாவது 92-ஐத் தொட்டவன் பாதி வழிதான் வந்திருக்கிறான். மிச்சமிருக்கும் ஏழு லெவலும் இன்னொரு பாதி.

இப்படி இருந்தால் மனுஷன் இயந்திரத்தைத் தேடத்தான் செய்வான். இதில் இரண்டு வகை. ஒன்று, விளையாட்டை உருவாக்கியவர்களே கொடுக்கும் 'ஆட்டோ' பட்டன். 2016-இல் கொரியாவில் வெளியான லீனேஜ் 2 ரெவல்யூஷன் போன்ற மொபைல் விளையாட்டுகளில் இருப்பது இந்த வகை. வாசகியின் மகன் போனில் ஓடுவதும் இதுவாகத்தான் இருக்கும். இன்னொன்று, வெளியாள் எழுதி ஒட்டவைக்கும் 'பாட்' என்ற நிரல். இதைப் பெரும்பாலான விளையாட்டுகள் தடை செய்கின்றன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்காக எழுதப்பட்ட கிளைடர் என்ற பாட் மீதான வழக்கு அமெரிக்காவில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2010-இல் தீர்ப்பானது.

இரண்டுக்கும் உள்ளே ஓடுவது ஒரே சமாச்சாரம். பிராணி எங்கே என்று பார், அதனிடம் போ, அடி, விழுந்ததைப் பொறுக்கு, திரும்பவும் பார். பாறையைச் சுற்றிக்கொண்டு போகும் வழியைக் கண்டுபிடிப்பது கூடப் பழைய வித்தைதான். டைக்ஸ்ட்ரா என்ற கணினி அறிஞர் 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் யோசித்த குறுகிய பாதைக் கணக்கு, 1968-இல் ஷேக்கி என்ற ரோபோவுக்காக 'ஏ-ஸ்டார்' என்று மெருகேறியது. இன்றைக்கு வரைபடம் உள்ள பல விளையாட்டுகளில் ஓடுவது அதன் வாரிசுகள்தான். சரி, இதை இத்தோடு விடுவோம். எனக்குப் பிடித்த இடம் வேறு.

என் அக்கா மகன் சென்ற வருடம் லீவில் வந்தபோது சொந்தமாக ஒரு பாட் எழுதினான். விளையாட்டின் பெயர் வேண்டாம், அவன் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. திரையின் இடது மூலையில் வீரனின் உயிரைக் காட்டும் சிவப்புப் பட்டை, 200 புள்ளி (பிக்சல்) அகலம். அடிபட்டால் வலப்பக்கத்திலிருந்து கறுப்பாகிக்கொண்டே வரும். பையன் என்ன செய்தான் தெரியுமா? பட்டை முழுவதையும் பார்க்கவில்லை. 60-ஆவது புள்ளி ஒன்றை மட்டும் பார்த்தான். அது சிவப்பு என்றால் உயிர் 30 சதவீதத்துக்கு மேல்; கறுப்பு என்றால் கீழே. வீரனின் உடல்நிலை மொத்தமும் ஒரு புள்ளியின் நிறத்தில் அடக்கம். கறுப்பானால் பாறை மறைவுக்கு ஓடி உட்கார வேண்டும். உட்கார்ந்தால் உயிர் மெல்ல ஏறும். சிவப்பானால் எழுந்து போய் அடிக்க வேண்டும்.

ஓடவிட்டோம். ஐந்து நிமிடம் வரை ஜோர். அப்புறம் ஒரு காட்டுப்பன்றி முட்டியதில் உயிர் 29-க்கு இறங்கியது. வீரன் ஓடிப்போய் உட்கார்ந்தான். இரண்டு விநாடியில் 31. எழுந்தான். போனான். பன்றி லேசாக உரசியது, 29. திரும்பி வந்து உட்கார்ந்தான். 31, எழுந்தான்.

"மாமா, இவன் என்ன தோப்புக்கரணம் போடுறான்?" என்றான் பையன்.

பத்துப் பன்னிரண்டு தோப்புக்கரணம் ஆனதும் பன்றி ஓங்கி ஒரு முட்டு முட்டியது. கதை முடிந்தது.

நான் சிரித்ததற்குக் காரணம், இதே தோப்புக்கரணத்தை எங்கள் தண்ணீர்த் தொட்டி போட்டு நான் பார்த்திருக்கிறேன். மோட்டாரைத் தானாக ஓடவைக்கத் தொட்டிக்குள் ஒரு மிதவை சுவிட்ச் தொங்கவிட்டேன். ஒயரின் நுனியில் பந்து மாதிரி ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் அது நிமிர்ந்து மோட்டாரை நிறுத்தும், இறங்கினால் கவிழ்ந்து ஓடவைக்கும். ஒயரைக் கட்டும்போது, ஆடி அசையக்கூடாதென்று மிதவைக்கு மூன்று விரல்கடை மட்டும் தளர்வு விட்டு இறுக்கிக் கட்டினேன். மறுநாள் காலையில் ஒருவர் குளித்தால் மோட்டார் ஓடும், இரண்டு நிமிடத்தில் நிற்கும், ஒருவர் பாத்திரம் கழுவினால் திரும்ப ஓடும். ஸ்டார்ட்டர் பெட்டியில் டப், டப் என்று சத்தம். நான்கே நாளில் காண்டாக்டரின் பாயிண்ட் கருகிப்போனது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறக்கவே இல்லை, தொட்டிமேல் ஏறி ஒயரை இரண்டடி தளர்த்திவிட்டு இறங்கினார்.

அந்த இரண்டடியில்தான் விஷயமே இருக்கிறது. தளர்வு கூடினால், மிதவை கவிழும் மட்டமும் நிமிரும் மட்டமும் தள்ளித் தள்ளிப் போகின்றன. கீழ்க்கோட்டைத் தொட்டால் ஓடு. மேல்கோட்டைத் தொட்டால் நில். நடுவில் இருந்தால்? ஏற்கெனவே என்ன செய்துகொண்டிருந்தாயோ அதையே செய். தொட்டி பாதி நிறைந்திருக்கும்போது மோட்டார் ஓடுமா ஓடாதா என்று தண்ணீர் மட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். அதாவது, இந்தச் சுவிட்சுக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரே ஒரு பிட் ஞாபகம்: நிரப்பிக்கொண்டிருக்கிறேன், அல்லது காலியாகிக்கொண்டிருக்கிறேன்.

காந்தங்களில் இதே போன்ற பின்தங்கலைப் பார்த்து 1880-களில் ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூயிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 'ஹிஸ்டரிசிஸ்' என்று பெயர் வைத்தார். தமிழில் தயக்கம் என்கிறார்கள். நல்ல சொல்தான். உடனுக்குடன் மனம் மாறாமல் கொஞ்சம் தயங்குகிறது.

பையன் இரண்டாவது புள்ளி ஒன்றைச் சேர்த்தான். 60-ஆவது புள்ளி கறுத்தால் உட்கார். 160-ஆவது சிவக்கும்வரை, அதாவது 80 சதவீதம் ஆகும்வரை, எழாதே. ஒரு வரி கூடுதல், 'ஓய்வு' என்று ஒரு மாறி (வேரியபிள்). தோப்புக்கரணம் நின்றது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு வீரன் ஏதோ நிதானம் கற்றுக்கொண்டது போலத் தோன்றும். காரிமங்கலத்து வாசகி கேட்ட மூளை இவ்வளவுதான். தேடுதல், நடத்தல், அடித்தல், பொறுக்குதல், ஓய்வு என்று ஐந்தாறு நிலைகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ இன்ன நிபந்தனை என்று ஒரு பட்டியல், இப்போது எந்த நிலை என்று ஒரு சின்ன ஞாபகம். இதை நிலை இயந்திரம் என்பார்கள். உங்கள் கிணற்றடி ஸ்டார்ட்டரும் அதுதான். பச்சை பட்டனை அழுத்திவிட்டு விரலை எடுத்த பிறகும் மோட்டார் ஓடுகிறதே, அது ஒரு பிட். ராத்திரி மும்முனை கரண்ட் வந்தால் தானாக ஓடட்டும் என்று ஆட்டோவைப் போட்டுவிட்டுத் தூங்கும் பாலக்கோட்டு விவசாயியும், போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கும் பாலிடெக்னிக் பையனும் ஒரே இயந்திரத்தைத்தான் காவலுக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்தத் தயக்கத்தை மின்சுற்றில் கொண்டுவந்தவர் ஆட்டோ ஷ்மிட். (பெயரே ஆட்டோ, நான் வைக்கவில்லை.) 1934-இல் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது கணவாய் மீனின் நரம்பை. ஒரு அளவுக்குக் கீழே தூண்டினால் நரம்பு சும்மா இருக்கும், தாண்டினால் முழுசாகத் துடிக்கும், அரைகுறை கிடையாது. அந்த குணத்தை வெற்றிடக் குழாய்களை வைத்துச் செய்ய முயன்றபோது பிறந்ததுதான், மேல்கோடு கீழ்க்கோடு இரண்டும் உள்ள ஷ்மிட் டிரிக்கர் என்ற சுற்று. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். கணவாய் நரம்பை ஆராயப் பணம் கொடுங்கள் என்று இன்றைக்கு நம் ஊரில் ஒரு மாணவர் விண்ணப்பம் போட்டால், 'சமூகப் பயன்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்? கிருஷ்ணகிரி மாந்தோப்பில் மோட்டார் காயில் கருகாமல் இருக்கும் என்றா? அப்படி எழுதியிருந்தால் தள்ளுபடி செய்திருப்பார்கள். ஆனால் நடந்தது அதுதான். அந்தக் கட்டத்தை விண்ணப்பத்திலிருந்தே தூக்கிவிடலாம் என்பது என் கட்சி.

பாட்களை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பையனின் நிரல் சரியாக ஒரு விநாடிக்கு ஒரு தரம் பட்டனை அழுத்தியது. மனுஷ விரலுக்கு அந்த ஒழுங்கு வராது. உஷாரான சிலர் 0.8-லிருந்து 1.2 விநாடிக்குள் ஏதோ ஒரு எண்ணைக் குலுக்கிப் போடுவார்கள். அதுவும் மாட்டும். ஆயிரம் அழுத்தலை எடுத்து வரைபடம் போட்டால் குலுக்கலின் வடிவம் செங்கல் மாதிரி சதுரமாக இருக்கும். மனுஷனுடையது ஒரு மேடு, வலப்பக்கம் நீளமான வால். இடையில் மூக்கைச் சொறிந்ததும் அம்மா கூப்பிட்டதும் எல்லாம் அந்த வாலில் இருக்கும்.

இப்போது ராகுகாலம். அடிபட்ட பிராணியிடமிருந்து பொருள் விழுவதை முடிவு செய்வது விளையாட்டு நிறுவனத்தின் சர்வரில் ஓடும் குலுக்கல். நூற்றுக்கு ஒன்று என்ற வாய்ப்புள்ள பொருளுக்காக நூறு பிராணியை அடித்தால் கிடைத்தே தீரும் என்று நினைப்போம். 0.99-ஐ நூறு தடவை பெருக்கிப் பாருங்கள், 0.366 வரும். நூறு பேரில் ஏறக்குறைய 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். முந்நூறு அடித்தும் ஐந்து பேருக்கு ஒன்றும் இராது. அந்த ஐந்து பேரும் காரணம் தேடுவார்கள். 1948-இல் ஸ்கின்னர் என்ற உளவியல் அறிஞர் பசித்த புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் சரி, குறிப்பிட்ட இடைவெளியில் தீனி விழவைத்தார். எட்டில் ஆறு புறா, தீனி விழும்போது தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததைச் சடங்காகப் பிடித்துக்கொண்டது. ஒன்று கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. இன்னொன்று கூண்டின் மேல்மூலைக்குள் தலையைத் தலையை நீட்டியது. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ஆட்டோ போடாத தம்பியை நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: ராகுகாலம் ஊருக்கு ஊர் சூரிய உதயத்தை வைத்து மாறும். காரிமங்கலத்து ராகுகாலமா, சர்வர் இருக்கிற ஊர் ராகுகாலமா? ஒரு மாதம் எல்லா நேரத்திலும் போட்டு, நோட்டில் எழுதிவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போனைத் தலையணைக்கு அடியில் மட்டும் வைக்க வேண்டாம், சூடாகும்.

அக்கா மகன் கதையில் மிச்சம் ஒன்று இருக்கிறது. 80 சதவீதத்தில் எழுவது வெற்றியானதும் அவனுக்கு ஆசை வந்துவிட்டது. முழுசாகத் தேறிய பிறகே எழட்டும் என்று மேல்கோட்டை 200-ஆவது புள்ளிக்கு மாற்றி, ஓடவிட்டுத் தூங்கப் போனான். காலையில் பார்த்தால் வீரன் பாறை மறைவில் உட்கார்ந்திருக்கிறான். உயிர் நூற்றுக்கு நூறு. சேர்ந்த அனுபவப் புள்ளி வெறும் பதினைந்து நிமிடத்தது. திரையைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பட்டையின் கடைசிப் புள்ளி உயிர்ப்பட்டையைச் சேர்ந்ததே இல்லை, ஓரத்தில் போட்டிருக்கும் சாம்பல் நிறக் கோடு. அது என்றைக்கும் சிவக்காது.

நான் மாடிக்குப் போய், எங்கள் தொட்டியில் மிதவை நிமிரும் மட்டம் வழிந்தோடும் குழாய்க்குக் கீழேதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.