138 மீட்டரும் ஒரு பலகை இடுக்கும்

ஆண்டுக்கு ஒருமுறையாவது வாட்ஸ்அப்பில் என்னைத் தேடி வந்துவிடும் படம் அது. ஒன்பது பாய்மரங்களோடு மலைபோல ஒரு சீனக் கப்பல், பதினைந்தாம் நூற்றாண்டுத் தளபதி செங் ஹேயினுடையது. அதன் காலடியில் பூனைக்குட்டிபோலக் கொலம்பஸின் சாண்டா மரியா. இந்த முறை அனுப்பியவர் ஒரு பள்ளி ஆசிரியை. கூடவே ஒரு கேள்வி: "இதை வகுப்பில் காட்டலாமா? இவ்வளவு பெரிய மரக்கப்பல் மிதக்குமா?"

மிதக்கும். இடம்பெயர்த்த நீரின் எடைக்குச் சமமாகக் கடல் மேலே தள்ளும் என்று ஏழாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். அந்த விதிக்குக் கப்பலின் நீளம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மிதக்கிற கப்பல் வேறு, ஒழுகாமல் ஊர்போய்ச் சேருகிற கப்பல் வேறு. ஆசிரியையின் கேள்வியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்: இவ்வளவு பெரிய மரக்கப்பல் ஒழுகாமல் இருக்குமா?

கதையின் தெரிந்த பகுதியை விரைவாகக் கடந்துவிடுவோம். மிங் வம்சத்துப் பேரரசர் யோங்லெ அனுப்பிய தளபதி செங் ஹே. யுன்னானில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் போரில் பிடிபட்டு, காயடிக்கப்பட்டு அரண்மனை ஊழியத்துக்கு வந்தவர். 1405 முதல் 1433 வரை ஏழு பயணங்கள். வடகிழக்குப் பருவக்காற்றில் இறங்கி, தென்மேற்குப் பருவக்காற்றில் திரும்பினார்கள். முதல் பயணத்தில் மட்டும் சுமார் 27,800 பேர். மலாக்கா, இலங்கை, கோழிக்கோடு, பின்னாளில் ஹோர்முஸ், ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை என்று போனார்கள்.

இதில் நமக்கும் ஒரு கல் உண்டு. 1911இல் இலங்கையின் காலி நகரில் ஒரு சிறு சாலைப் பாலத்துக்கு மூடியாகக் கிடந்தது அது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் எழுத்து. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு, சீனாவிலேயே வெட்டிக் கப்பலில் ஏற்றிவந்த கல். சீன வரிகள் புத்தரைப் போற்றுகின்றன, பாரசீக வரிகள் அல்லாவை, தமிழ் வரிகள் தெனவரை நாயனார் என்ற பெயரில் திருமாலை. காணிக்கையாகப் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எல்லாம் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆக, கப்பல்கள் வந்தது உண்மை. எவ்வளவு பெரியவை என்பதுதான் வழக்கு.

'மிங் வரலாறு' என்ற சீன நூல் சொல்லும் கணக்கு: நீளம் 44 சாங் 4 சி, அகலம் 18 சாங். ஒரு சாங் என்பது 10 சி. ஒரு சி ஏறக்குறைய 31 செ.மீ. என்று வைத்தால் 138 மீட்டர் நீளம், 56 மீட்டர் அகலம். அந்த வரலாறு முடிக்கப்பட்டது 1739இல், கடைசிப் பயணத்துக்கு முந்நூறு ஆண்டு கழித்து. இதே எண்கள் 1597இல் வந்த ஒரு சீன நாவலிலும் இருக்கின்றன. அந்த நாவலில் செங் ஹேயோடு மாயமந்திரக்காரர்களும் பயணம் போகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மண்ணுக்கடியில் கிடைத்த சான்றுகள் இன்னும் சுவையானவை. நான்ஜிங்கில், இந்தக் கப்பல்களைக் கட்டிய தளத்தில், 1957இல் ஒரு சுக்கான் தண்டு கிடைத்தது. ஒரே மரத்தூண், 11 மீட்டருக்குச் சற்று மேல். சுக்கானே இவ்வளவு பெரிது என்றால் கப்பல் எவ்வளவு இருக்கும் என்று படத்தை அனுப்புகிறவர்கள் இதைக் கட்டாயம் சொல்வார்கள். ஆனால் அதே தளத்தில் 2003, 2004இல் தோண்டிய கட்டுமானத் தொட்டியைச் சொல்ல மாட்டார்கள். அதன் நீளம் 400 மீட்டருக்கு மேல். அகலமோ ஏறக்குறைய 41 மீட்டர்தான். 56 மீட்டர் அகலக் கப்பலை 41 மீட்டர் தொட்டிக்குள் எப்படி வைத்துக் கட்டுவது?

தொட்டியை விடுங்கள். நான் சொல்ல ஆசைப்படுவது இனிமேல்தான் வருகிறது.

கப்பல் ஓர் அலையின் முகட்டில் ஏறி நிற்கிறது என்று வையுங்கள். நடுப்பகுதியை நீர் தூக்குகிறது. அணியமும் அமரமும், அதாவது முன்னும் பின்னும், பாதி அந்தரத்தில் தொங்குகின்றன. கப்பலின் முதுகு கூனுகிறது. அடுத்த நொடி அலை நகர்கிறது. இப்போது இரு முனையும் இரு முகடுகளில், நடுவயிறு பள்ளத்தின் மேல். கப்பல் தொய்கிறது. கூனல், தொய்வு, கூனல், தொய்வு. எட்டு விநாடிக்கு ஓர் அலை என்றால் ஒரு நாளில் 10,800 முறை.

இந்த வளைவில் மரம் முறிந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நல்ல மரம் அவ்வளவு எளிதில் முறியாது. வீட்டில் பழைய ஓலைச்சுவடி இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். கிடையாகப் பிடித்து இரு முனையையும் கீழே வளையுங்கள். எந்த ஏடும் கிழியாது. ஆனால் ஓரத்தைக் கவனியுங்கள்: செங்குத்தாக இருந்த விளிம்பு படிப்படியாகச் சரிந்திருக்கும். ஒவ்வோர் ஏடும் அடுத்த ஏட்டின் மேல் மயிரிழை வழுக்கிப்போயிருக்கிறது.

கப்பலின் பக்கச் சுவர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பலகைகளின் சுவடிதான். அலைக்கு அலை பலகையின் மேல் பலகை முன்னும் பின்னும் அரைகிறது. ஆணித்துளை தளர்கிறது. இடுக்கில் அடித்து இறக்கிய நார், அதாவது கலப்பற்று, மெல்ல மெல்ல வெளியே துப்பப்படுகிறது. தண்ணீர் வருகிறது. மரக்கப்பலுக்கு உச்சவரம்பு போடுவது காட்டில் கிடைக்கும் மரத்தின் உயரம் என்று நினைத்திருந்தேன், வெகுகாலம். இரண்டு பலகைகளுக்கு நடுவில் விரல்நகம்கூட நுழையாத அந்த இடுக்குதான் போடுகிறது.

பெரிய கப்பலில் ஏன் கூடுதல் தொல்லை? கணக்கு எளிது. கப்பலின் எல்லா அளவுகளையும் இரட்டிப்பாக்குங்கள். எடை எட்டு மடங்கு. அந்த எடை இரண்டு மடங்கு நீளத்தில் தொங்குவதால் வளைக்கும் திறன் பதினாறு மடங்கு. தடிப்பும் உயரமும் கூடியதால் தாங்கும் வலிமையும் கூடுகிறது, ஆனால் எட்டு மடங்குதான். மிச்சம் இரண்டு மடங்குச் சுமை இடுக்குகளின் தலையில். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலைத் தொடங்குவதே வெனிஸ் கப்பல் தளத்தில்தான்: சிறிய கப்பலுக்கு வேண்டாத முட்டுக்கட்டைகள் பெரிய கப்பலுக்கு ஏன் வேண்டியிருக்கின்றன என்று அங்கே பேசுகிறார்கள். கடலில் முட்டுக்கட்டை கொடுக்க ஆளில்லை.

சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. 1909இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் வயோமிங் என்ற ஆறு பாய்மரக் கப்பலைக் கட்டினார்கள். மேல்தளம் சுமார் 100 மீட்டர். இரும்புப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு இறுக்கியும் உடல் பாம்புபோல நெளிந்தது. உள்ளே வந்த நீரை நீராவி பம்புகள் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1924இல் புயலில் ஆட்களோடு மூழ்கிப்போனது. 138 மீட்டர் என்பது அதற்கும் மேலே முப்பத்தெட்டு மீட்டர், இரும்புப் பட்டையும் நீராவி பம்பும் இல்லாமல். அதனால்தான் செங் ஹேயின் பெரிய கப்பல்கள் 60 முதல் 75 மீட்டருக்குள் இருந்திருக்கும் என்று கணிப்பவர்களின் பக்கம் நான் நிற்கிறேன். குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். அப்போதும் அது சாண்டா மரியாவைப்போல மூன்று மடங்கு.

நீளச் சண்டையில் நாம் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. இடுக்கு ஒழுகத்தான் செய்யும் என்று சீனத் தச்சர்கள் முதலிலேயே ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டு, கப்பலின் வயிற்றைக் குறுக்குச் சுவர்களால் தடுத்தார்கள். நம் அஞ்சறைப் பெட்டிபோல.

இதை ஓலைச்சுவடியில் தேட வேண்டாம், கண்ணாலேயே பார்க்கலாம். 1974இல் ஃபூஜியான் மாகாணத்தின் சுவான்ஜோ விரிகுடாச் சேற்றிலிருந்து ஒரு வணிகக் கப்பலைத் தோண்டி எடுத்தார்கள். செங் ஹேவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முந்தையது, 1270களைச் சேர்ந்தது. மிஞ்சியிருக்கும் உடல் 24 மீட்டர். 12 குறுக்குச் சுவர்கள், 13 அறைகள். உள்ளே வாசனைக் கட்டைகள், மிளகு, பாக்கு, சோழி. (அதே ஊரில், அதே காலத்தில், 1281இல், தமிழ் வணிகர்கள் ஒரு சிவன் கோயிலுக்குத் தமிழில் கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த மிளகு எந்தக் கரையில் ஏறியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.)

பதின்மூன்று அறைகளில் ஒன்றில் பாறை குத்தினால் அந்த ஓர் அறை நிறையும், ஏறத்தாழ எட்டு விழுக்காடு. மற்றவை மிதக்கும். கூடவே சுவர்கள் கப்பலின் குறுக்குவெட்டு நசுங்காமலும் பிடித்துக்கொள்கின்றன. நெடுக்குக் கூனலை அவை பெரிதாகத் தடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; சுவர் இருந்ததால் 138 மீட்டர் சாத்தியம் என்று வாதிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

சுவரின் அடியில், ஏராவை, அதாவது கப்பலின் முதுகெலும்பான அடிமரத்தை ஒட்டி, ஒரு சிறு துளை. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது: தண்ணீர் புகாத சுவரில் ஓட்டையா? காரணம் இருக்கிறது. அன்றாடம் கசியும் நீர் அறைக்கு அறை தேங்கினால் பதின்மூன்று இடத்தில் இறைக்க வேண்டும். துளை வழியாக ஓரிடத்துக்கு ஓடிவந்தால் ஒரே இடத்தில் இறைத்துவிடலாம். ஆபத்து வந்தால் துளையை அடைத்துவிட்டால் போதும்.

அடைப்புக்கு அவர்கள் கண்ட கலவை இன்னும் அழகு. கிளிஞ்சல் சுண்ணாம்பு, இழையிழையாகப் பிய்த்த நார், துங் எண்ணெய். துங் மரம் நம் ஆமணக்கின் குடும்பம். ஆனால் விளக்கெண்ணெய் எத்தனை நாள் வைத்தாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும். துங் எண்ணெய் காற்றுப் பட்டால் காய்ந்து தோலாகிவிடும். அதன் கொழுப்பு அமில மூலக்கூறில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கின்றன. ஆக்சிஜன் அங்கே நுழைந்து மூலக்கூறுகளைக் கைகோத்துவிடுகிறது. சுண்ணாம்பின் கால்சியம் அதே அமிலத்தோடு சேர்ந்து நீரில் கரையாத ஒரு சோப்பாகிறது. நார் உள்ளே எலும்புபோல நிற்கிறது. இடித்து இடித்துப் பிசைந்த அந்த மாவை இடுக்கில் திணித்தால் கெட்டியாகும், ஆனால் கண்ணாடிபோல நொறுங்காது. தினமும் பல்லாயிரம் முறை அரைகிற இடுக்குக்கு அந்தச் சிறிய இளக்கம்தான் வேண்டும். ஃபூஜியானில் இப்படிக் குறுக்குச் சுவர் வைத்துக் கப்பல் கட்டும் கைத்தொழிலை அறிந்தவர்கள் அருகிப்போனதால் 2010இல் யுனெஸ்கோ இதை அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது.

மேற்குலகம் மெதுவாகத்தான் கற்றது. தபால் கப்பல்களின் வயிற்றைச் 'சீனர் முறைப்படி' தடுக்கலாம் என்று பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1787இல் எழுதினார். டைட்டானிக்கிலும் 16 அறைகள் இருந்தன. சுவர்களைப் போதிய உயரத்துக்குக் கொண்டுபோகவில்லை. முன்பக்கம் தாழத் தாழ, ஓர் அறை நிரம்பி வழிந்து அடுத்த அறைக்குள் போனது.

ஒரு மனத்தாங்கலையும் கொட்டிவிடுகிறேன். தென்சீனக் கடலில் 1987இல் கண்டறிந்த நன்ஹாய்-1 என்ற கப்பலைச் சீனர்கள் 2007இல் சுற்றியுள்ள சேற்றோடு சேர்த்து எஃகுப் பெட்டிக்குள் தூக்கி, அருங்காட்சியகத்துக்குள் வைத்துப் பொறுமையாகத் தோண்டினார்கள். அதற்குப் பணம் வேண்டும், இருபது ஆண்டு காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். நாம் 1025இல் கடாரம் வென்ற கதையை மேடைதோறும் முழங்குகிறோம்; அந்தக் கடற்படையின் ஒரு பலகையைக்கூடக் கண்டதில்லை. ஆழ்கடல் அகழாய்வுக்கு நிதி கேட்டால் மட்டும் குரல் இறங்கிவிடுகிறது.

சுவான்ஜோ கப்பலுக்குத் திரும்புகிறேன். அதன் ஏரா ஒரே மரமாக இல்லை. துண்டுகளை இணைத்துச் செய்தது. இணைப்பைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே சிறு குழிகள், குழிகளில் நாணயங்கள், ஒரு வெண்கலக் கண்ணாடி. ஏழு விண்மீன்களும் நிலவும் கப்பலைக் காக்கும் என்பது அவ்வூர்த் தச்சர்களின் நம்பிக்கை. மூடநம்பிக்கைகளை நான் எளிதில் சும்மா விடுகிறவன் இல்லை, ஆனால் இந்தத் தச்சரோடு எனக்குச் சண்டை வரவில்லை. மொத்தக் கப்பலில் எந்த இடத்துக்குக் கூனல் முதலில் வரும் என்று என்னிடம் கேட்டிருந்தால், நானும் விரலை வைத்திருக்கக்கூடியது அந்த இணைப்பின் மேல்தான்.

ஆசிரியைக்கு: படத்தைத் தாராளமாகக் காட்டுங்கள். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும்.