மழை ராத்திரியில் ரோட்டுக் கோடு எங்கே போகிறது?

"நல்ல மழை ராத்திரியில் ரோட்டு வெள்ளைக் கோடு மாயமாகிவிடுகிறது. காலையில் அதே வழியாக வந்தால் அப்படியே இருக்கிறது. இது என்ன கணக்கு சார்?" என்று பேருந்து ஓட்டுநர் ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய வழித்தடம் முழுக்க மாவட்டச் சாலைகள். தெருவிளக்கு கிடையாது, நடுவில் தடுப்பும் கிடையாது. இருட்டில் அவருக்கு இருக்கிற ஒரே துணை அந்தக் கோடுதான்.

வெறும் வெள்ளைப் பெயின்ட் ஹெட்லைட் வெளிச்சத்தை நாலா பக்கமும் இறைத்துவிடும். ஓட்டுபவர் கண்ணுக்குத் திரும்பி வருவது சொற்பம். அதனால் தெர்மோபிளாஸ்டிக் பெயின்ட்டை உருக்கிக் கோடு இழுத்த கையோடு, சூடு ஆறுவதற்குள் அதன்மேல் கண்ணாடி மணிகளைத் தூவுவார்கள். ரவை மாதிரிப் பொடியாக இருக்கும். சதுர மீட்டருக்குக் கால் கிலோ. பத்து சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் முழுக் கோட்டுக்கு 25 கிலோ, அதாவது ஓர் அரிசிச் சிப்பம்.

அந்த ரவைக்குள் நடப்பதைத்தான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. மணி பாதி பெயின்ட்டில் புதைந்து, பாதி வெளியே நிற்க வேண்டும். ஹெட்லைட் கதிர் வெளிப்பாதியில் நுழையும்போது வளைந்து, மணியின் பின்சுவர்ப் பக்கமாகக் குவிகிறது. அங்கே வெள்ளைப் பெயின்ட்டில் பட்டுச் சிதறுகிறது. சிதறிய ஒளி அதே மணி வழியாக வெளியேறும்போது மறுபடி வளைந்து, ஏறக்குறைய வந்த திசைக்கே திரும்பிவிடுகிறது. உருண்டை என்பதால் கதிர் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இதே கதைதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மணி அப்பழுக்கில்லாமல் வேலை செய்தால் வெளிச்சம் ஹெட்லைட்டுக்கே திரும்பும். அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது! ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண்; சாதாரணக் கண்ணாடிக்கு அது 1.5. அதில் குவியம் பின்சுவரைக் கொஞ்சம் தாண்டித்தான் விழும். அந்தப் பிசகால் திரும்பும் ஒளி சற்றே விரிந்து, ஓட்டுநர் கண்ணையும் எட்டுகிறது.

இப்போது மழை. ஒளி எவ்வளவு வளையும் என்பது கண்ணாடிக்கும் அதைச் சுற்றியிருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. காற்று 1, தண்ணீர் 1.33. மணி நீரில் மூழ்கியதும் வித்தியாசம் சுருங்கி, ஒளி சரியாக வளையாமல், குவியம் பின்சுவருக்கு வெகு தொலைவில் போய்விடுகிறது. போதாததற்கு, முப்பது மீட்டர் தூரத்தில் ஹெட்லைட் கதிர் சாலையை ஒட்டினாற்போல், ஒரு டிகிரி சாய்வில்தான் வருகிறது. அந்தச் சாய்வில் நீர்ப்படலம் நிலைக்கண்ணாடிதான். வந்த வெளிச்சத்தில் பெரும்பகுதியை உள்ளேயே விடாமல் முன்னோக்கித் தள்ளி, எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்கும்.

மாற்று வழிகள் இருக்கின்றன. ஒளிவிலகல் எண் 1.9 உள்ள மணி நீருக்குள்ளும், 1.5 மணி காற்றில் செய்யும் வேலையைக் கிட்டத்தட்ட செய்துவிடும். கோட்டையே மேடு மேடாகப் போட்டால் முகடுகள் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊர்க்காரர் பெர்சி ஷா 1934-இல் காப்புரிமை பெற்ற 'பூனைக்கண்' (சாலையில் பதிக்கும், ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிக் குமிழ்) இன்னும் சாமர்த்தியம்: டயர் ஏறி அமுக்கினால், ரப்பர் உறை தேங்கிய மழைநீரைக் கொண்டே கண்ணாடியைத் துடைத்துவிடும்.

இதெல்லாம் தாருக்கும் ஜல்லிக்கும் ஆகும் செலவுக்கு முன்னால் தூசு. ஆனால் மணி தூவியதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. நட்ட நடுப்பகலில் அளவெடுத்தால் மணி உள்ள கோடும் இல்லாத கோடும் ஒரே வெள்ளை! ராத்திரியில் கருவி வைத்து ஒளியை அளந்த பிறகே பில் பாஸாக வேண்டும் என்பது என் கட்சி. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அடிக்கடி விபத்து நடக்கிற வளைவில் பேய் நடமாட்டம் என்று பூசணிக்காய் உடைக்கிறோம். அந்தச் சதையில் வழுக்கி அடுத்த பைக் விழுகிறது.

உங்கள் ஊர்க் கோட்டில் மணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? வண்டி வராத இருட்டில், பத்தடி தள்ளி நின்று டார்ச்சைக் காதோரம் பிடித்து அடியுங்கள். பிறகு அதே டார்ச்சை நண்பரிடம் கொடுத்து, பக்கவாட்டில் தள்ளி நின்று அடிக்கச் சொல்லுங்கள். முன்னதில் பளிச்சென்று தெரிந்து, பின்னதில் மங்கினால் மணி இருக்கிறது. அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி காதோரம் பிடித்துப் பாருங்கள்.