ஆடும் நாற்காலிக்கு ஆணி மருந்தல்ல

பழுதுபார்க்க எங்கள் பட்டறைக்கு வரும் நாற்காலிகளில், பயன்பாட்டால் உடைந்தவற்றைவிட வீட்டில் ஆணி அடித்ததால் பிளந்தவையே அதிகம். காலும் சட்டமும் சேரும் மூட்டில் ஆட்டம் கண்டால், பெரும்பாலும் மரம் கெட்டிருக்காது. கழுந்தை, அதாவது துளைக்குள் செருகுவதற்காகச் செதுக்கிய சட்டத்தின் முனையை, துளைக்குள் பிடித்திருந்த பசைதான் விட்டிருக்கும். ஈரக்காற்றில் மரம் உப்பி, வறண்ட காலத்தில் சுருங்குகிறது. இம்மாற்றம் இழைக்குக் குறுக்கே மிகுதியாகவும் நீளவாக்கில் மிகக் குறைவாகவும் நிகழ்வதால், இழைகள் செங்குத்தாகச் சந்திக்கும் மூட்டில் பசை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, ஒருநாள் விட்டுவிடுகிறது. அங்கே ஆணி அடித்தால் ஆட்டம் சில நாள் அடங்கும். பிறகு ஒவ்வொரு முறை உட்காரும்போதும் ஆணி தன் துளையை அகலப்படுத்தி, கடைசியில் கழுந்தை இழையோடு பிளந்துவிடும். பசையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, புது மரம் செதுக்கும் வேலையாகிவிடும்.

மூட்டைக் கழற்றுவதே சரியான வழி. எந்தத் துண்டு எங்கே சேரும் என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, கழிவு மரத்துண்டை இடையில் வைத்துக் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியலால்) மெல்லத் தட்டுங்கள். பழைய விலங்குப் பசையானால் வெந்நீரில் நனைத்த துணியை வைத்தாலே இளகும். வெள்ளைப் பசை காய்ந்த படலத்தின் மேல் புதுப் பசை சரியாகப் பிடிக்காது என்பதால், அதை மரம் தெரியுமளவு சுரண்டியாக வேண்டும். இந்த இடத்தில்தான் கை தாராளமாகிவிடுகிறது: பசையோடு கழுந்தின் மரமும் சீவப்பட்டால் மூட்டு மறுபடி தளரும். வெள்ளைப் பசை இடைவெளியை நிரப்பாது. தளர்ந்த கழுந்தின் இருபுறமும் மெல்லிய மரச்சீவலை ஒட்டி, காய்ந்தபின் துளைக்கேற்ப இழைத்துச் சேர்க்கலாம்.

இரு பரப்பிலும் பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கிளாம்ப் இல்லையெனில், கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, இடையில் குச்சியைச் செருகி முறுக்கினால் போதும். பசை இறுகுமுன் நாற்காலியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு கால்களும் தரையில் படிகின்றனவா என்று பாருங்கள். பிறகு 24 மணி நேரம் யாரும் உட்கார வேண்டாம். பொறுமையின்மையால் வீணான மூட்டுகள் ஏராளம்.

மெருகேற்றும்போது மூன்றில் கவனம் தேவை. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும்; அதை உப்புத்தாளால் உலரத் தேய்க்காதீர்கள். மரத்தூளும் புற்றுநோய்க் காரணியே என்பதால் தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணியுங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து எழும் வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்து, வெளியிடத்தில் உலர்த்திய பின்னரே அதை அப்புறப்படுத்துங்கள்.